ஐந்து, ஐந்து, ஒன்று

6-5-74, திங்கள்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. மைதானத்து மணல் முழுக்கக் கண்ணுக்குள். கந்தோரில் பத்துச் சத முத்திரை முடிந்தது. பருத்தித்துறைக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

ருசியன் வந்து சேர்ந்தான். பின்னேர பஸ்ஸில். ஒரு பெட்டி, ஒரு வலை நிறையப் புதுப் பந்து, மொழிபெயர்க்க ஒரு பெடியன். கழகச் செயலாளர் மாலை போட்டார். மாலைக்குக் கழகத்தில் காசு இருந்திருக்கிறது. போன மாதம் கிழிந்த பந்தைத் தைக்கக் கேட்டேன், அப்போது இருக்கவில்லை.

செயலாளர் என்னைக் கூட்டத்துக்குக் காட்டினார். "இவர் சுப்பிரமணியம். எங்கடை தபால் கந்தோர் கிளாக்கர். இவ்வளவு நாளும் பெடியளைப் பழக்கினவர்."

பழக்கினவர்! உயிரோடு இருக்கும்போதே எனக்குத் திவசம் முடித்துவிட்டார்கள்.

வருகிற இருபத்தைந்தாம் திகதி யாழ்ப்பாணத்தில் குருநகர்க்காரரோடு இறுதி ஆட்டம். எங்கள் கழகம் இதற்கு முன் இறுதி ஆட்டத்தைக் கண்டதில்லை. அதுவரை கொண்டு வந்து விட்டவன் நான். கொழும்பிலிருந்து "ஒரு வெளிநாட்டுக் கோச் சும்மா வாறார், வேணுமோ" என்று கேட்டார்களாம். செயலாளர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓம் என்றாராம். சமைத்தவன் ஒருவன், குந்தியிருந்து தின்ன இன்னொருவன்.

இருமல் பாணி வாங்க மறந்தேன்.

8-5, புதன்

காற்று இன்னும் பலம். வேலியில் கிடுகு இரண்டு பறந்தது.

அவன் பெயர் மிக்கோலா. முழுப் பெயர் வாய்க்குள் அடங்காது. இனி மி. என் வயதுதான் இருக்கும். வலது காலை இழுத்து நடக்கிறான். தோல் அவித்த இறால் நிறம்.

மொழிபெயர்க்கும் பெடியன் செல்வம். வட்டுக்கோட்டை, வேதக்காரக் குடும்பம். ருசியாவில் இயந்திரம் படித்துவிட்டு வந்து வேலை கிடைக்காமல் மிளகாய்த் தோட்டம் செய்கிறான். மரியாதையான பெடியன். ஆனால் எங்களூர் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

"ருசியனைக் கேளும், பந்து எப்ப குடுப்பான் எண்டு" என்றேன்.

"அவர் ருசியன் இல்லை அண்ணை. உக்ரேன்."

"எல்லாம் ஒண்டுதானே. அதையும் அவனிட்டைச் சொல்லும்."

"அதை நான் சொல்லமாட்டன். எங்களைச் சிங்களவர் எண்டு ஒருத்தன் சொன்னா உங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கோபம் மட்டும் குறையவில்லை.

இரண்டு நாளாகப் பந்தைத் தொட விடவில்லை. ஓட்டம். கரையோரம் முழங்கால் தண்ணீரில் ஓட்டம். தமிழில் எண்ணப் பழகிக்கொண்டான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று கையைத் தட்டி விரட்டுகிறான். கப்டன் காசி சத்தி எடுத்தான், குடித்த கஞ்சி முழுக்க மணலில். எங்கள் பெடியன்கள் விடிய நாலு மணிக்குக் கடலுக்குப் போய் வந்தவர்கள். அவர்களுக்கு உடம்புக்குப் பயிற்சி காட்ட ஒரு ஆள்.

9-5, வியாழன்

கோதுமை மா வரவில்லை, சங்கக்கடையில் பாண் இல்லை. வரிசையில் நின்றதுதான் மிச்சம்.

மி. பாண் இல்லாமல் சாப்பிடமாட்டானாம். இவள் பூமணி குரக்கன் மாவில் புட்டு அவித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். என்னைக் கேட்காமல்.

"பாவம் மனிசன், முகம் வாடிப்போச்சு" என்கிறாள். கல்யாணம் முடித்து இவ்வளவு காலத்தில் என் முகம் வாடியதை ஒருநாள் கண்டிருப்பாளா?

தம்பி இரத்தினம் இன்னும் மோசம். எங்கள் அணிக்குக் கோல் காப்பவன் அவன். "அண்ணை, அவர் என்ரை கைவிரலைப் பிடிச்சு ஒவ்வொண்டாப் பாத்தவர். முறிஞ்ச விரலை உடனை கண்டுபிடிச்சிட்டார்" என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சந்தோஷப் புளுகம். அந்த விரலுக்குப் பத்துப் போட்டவன் நான்.

11-5, சனி

வெயில். கந்தோர் அரைநாள்.

இன்று மைதானத்தில் முதன்முதலாகப் பந்து. பந்தை நிலத்தோடு உருட்டி விளையாடச் சொல்கிறான். இரண்டு தொடுகைக்கு மேல் ஒருவனிடமும் பந்து நிற்கக் கூடாதாம். எங்கள் வழக்கம் அது அல்ல. சோளகக் காற்றில் பின்னாலிருந்து ஓங்கி ஓர் அடி, பந்து தானாகவே போய் எதிர்க் கோலுக்குள் இறங்கும். காற்றைத் தெரியாதவன் கடற்கரையில் கோச்.

அவனுக்குத் தெரியாதது இன்னொன்றும் உண்டு. என் ஆறுதலுக்கு அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் கிழக்குக்கரை, மேற்குக்கரை என்று இரண்டு, கழகம் ஒன்று. பதினைந்து வருசத்துக்கு முன் ஒரு ஆட்டத்தில் கிழக்குக்கரையான் அடித்த பந்தை மேற்குக்கரையான் வேண்டுமென்றே விட்டான் என்று கதை கிளம்பியது. துடுப்பால் இரண்டு மண்டை உடைந்தது. பேசி முடித்த ஒரு கலியாணம் நின்றது. கழகம் இரண்டாகப் போக இருந்தது. இரு கரைச் சம்மாட்டிமாரையும், வள்ளமும் வலையும் வைத்திருக்கிற பெரிய ஆட்களை, அம்மன் கோயில் வாசலில் இருத்திக் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கியவன் நான். கிழக்குக்கு ஐந்து பேர். மேற்குக்கு ஐந்து பேர். கோல் காப்பவன் மட்டும் இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோயிலடி ஒழுங்கையிலிருந்து. அதாவது எங்கள் ஒழுங்கை.

ஐந்து, ஐந்து, ஒன்று. எங்கேயும் எழுதவில்லை. ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும், அதனால் யாரும் வாயால் சொல்வதில்லை. மேற்கில் தேவன் என்ற கெட்டிக்காரனுக்கு இந்தக் கணக்கால் மாற்று ஆட்கள் வாங்கில் குந்தியிருந்தே மீசை முளைத்தது. இருக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு மண்டையும் உடையவில்லை.

மி.க்கு இது தெரியாது. செல்வத்துக்கும் தெரியாது. நான் சொல்லியிருப்பேன் என்று செயலாளரும், செயலாளர் சொல்லியிருப்பார் என்று பெடியன்களும் இருக்கிறார்கள்.

நான் சொல்லப் போவதில்லை. என்னை ஆர் கேட்டது?

15-5, புதன்

காற்று விட்டுவிட்டு. கந்தோரில் காசுக்கட்டளைக் கூட்டம், இடுப்பு நோகிறது.

மி. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான், செல்வத்தோடு. பூமணி தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைத்தாள். பனங்கட்டியைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். வீட்டுக்கு வந்தவனை எழும்பிப் போ என்று சொல்ல முடியாது.

"எங்கை விளையாடினவர் எண்டு கேளும்" என்றேன். வெட்கப்படுத்தத்தான் கேட்டேன்.

கேட்டது இவ்வளவு. பெரிய ஆறு ஒன்றின் கரையில் பிறந்தவன். தகப்பன் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. பதினாறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவன், சுரங்க அணியில் நடுவில் ஆடினவன். கியேவ் பெரிய கழகம் கூப்பிட்டது. ஒரே ஒரு பருவம், அதிலும் பாதி வாங்கில். பிறகு முழங்கால் போயிற்று.

ஒரு பருவம்! அதற்குத்தானா மாலை? நானும் கொழும்புத் தெரிவுக்குப் போய் வாங்கில் இருந்து வந்தவன்தான். எனக்கு யாரும் மாலை போடவில்லை.

பிறகு கோச். தன் சுரங்க ஊருக்கே திரும்பிப் போய் அந்த அணியை அடிமட்டத்திலிருந்து கட்டி எழுப்பினானாம். ஒரு வருசம் முதலாம் பிரிவுக்கு ஏறினார்கள். ஏறின கையோடு தலைநகரிலிருந்து ஒருவனைக் கொண்டு வந்து கோச்சாகப் போட்டார்களாம். இவனுக்கு ஒரு மாலை, ஒரு கைலாகு, போய்வா.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இவன் முகத்தைப் பார்த்தேன். தனக்கு நடந்தது இதுதான் என்று தெரிந்தும் எனக்கு வந்து அதையே செய்கிறான். தெரியாமல் செய்தவனைக்கூட மன்னிக்கலாம்.

"அப்ப என்ன செய்தவர்?"

செல்வம் கேட்டுச் சொன்னான்: "வீட்டிலை இருந்து உருளைக்கிழங்கு கிண்டினவராம். புதுக் கோச் ஒருநாள் வீடு தேடி வந்து, பெடியளைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேட்டவராம். இவர் கதவைச் சாத்திப் போட்டாராம்."

"பிறகு?"

"அடுத்த வருசமே கீழை இறங்கிட்டினமாம். அதுக்கடுத்த வருசம் கழகத்தையே கலைச்சிட்டினமாம். இப்ப அந்த ஊரிலை ஒருத்தரும் பந்தடிக்கிறேல்லையாம்."

மி. என்னை நேராகப் பார்த்து ஏதோ சொன்னான். செல்வம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நீங்கள் தனக்குச் சொல்லாத ஒண்டு இருக்காம். அது என்னெண்டு கேக்கிறார்."

"ஒண்டுமில்லை எண்டு சொல்லும்."

சொன்னான். மி. தலையை ஆட்டிவிட்டு மிச்சப் பனங்கட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனான். இரத்தினம் குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டவன். என்னோடு கதைக்காமல் படுத்துவிட்டான்.

18-5, சனி

மப்பு. மழை இல்லை.

பயிற்சி ஆட்டம். மி. தேவனை முன்னுக்கு விட்டான். தேவனும் காசியும் மாறி மாறிப் பந்தைக் கொடுத்து, நிலத்தோடு, காற்றுக்குக் கீழால், ஒருவன் காலிலும் படாமல் போய்க் கோல். காசி கிழக்கு, தேவன் மேற்கு. இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

கண்ணுக்கு நன்றாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

சவர அலகு. பூமணிக்குச் செருப்பு வார்.

21-5, செவ்வாய்

மி. பெயர்களைச் சொன்னான். மைதானத்தில் நிற்கவைத்து ஒவ்வொருவராகத் தோளில் தட்டினான். நான் தள்ளிப் பூவரசு மரத்தோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.

மேற்கு ஏழு. கிழக்கு மூன்று. கோல் இரத்தினம்.

வெளியே விட்ட கிழக்குப் பெடியன்கள் இரண்டு பேரை மாற்று ஆட்களாகப் போட்டான். வேறு மாற்று ஆள் இல்லை. போட்டி நடத்துகிறவர்கள் கேட்டபடி பதின்மூன்று பெயரும் இன்றே யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது.

 செயலாளர் முகம் வெளிறி என்னைத் தேடினார். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் சீட்டியடித்தேன். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து கனகாலம்.

23-5, வியாழன்

கடல் கொந்தளிப்பு. மீன் விலை ஏறிவிட்டது.

கிழக்குக்கரையில் ஒரே கதை. "வெள்ளைக்காரனுக்கு மேற்கான் கருவாடு குடுத்திருக்கிறான்." "கற்பூரச் சத்தியம் இப்ப ஆருக்கு வேணும்?" சந்தியில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம்.

செல்வம் கந்தோருக்கு ஓடி வந்தான். இன்றைக்குத்தான் விஷயம் விளங்கியிருக்கிறது.

"அண்ணை, நீங்கள் முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"என்னை ஆர் கேட்டது?"

"அவர் கேட்டவரே! உங்கடை வீட்டிலை வைச்சுக் கேட்டவரே!"

கியூவில் நின்ற கிழவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அடுத்த ஆள் வரலாம் என்றேன்.

பெயர்களை மாற்ற மி. யாழ்ப்பாணம் போனானாம். முடியாது என்றுவிட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் இரத்தினம்: "கிழக்குச் சம்மாட்டியிட்டை நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாச் சரி அண்ணை. இந்த ஒருக்கா விடுங்கோ எண்டு. நீங்கள் சொன்னா அந்த மனிசன் கேக்கும்." எனக்கும் அது தெரியும். குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்றேன்.

24-5, வெள்ளி

அம்மன் கோயிலில் பூசை. போகவில்லை.

கிழக்குச் சம்மாட்டி வேலுப்பிள்ளையர் தானே என் வாசலுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. பெரிய ஆட்டம் என்றால் இரு கரையும் வள்ளம் இறக்காமல் பெடியன்களை விடுவது வழக்கம். அதைக் கேட்கத்தான் வந்தார்.

"மணியம், கற்பூரம் கொளுத்தினவன் நீ. நீ சொல்லு. எங்கடை மூண்டு பெடியளையும் நாளைக்கு விடுறதோ, இல்லையோ?"

வாய்க்குள் பதில் இருந்தது. விடுங்கோ என்றால் விட்டிருப்பார். பூமணி கதவோரம் நின்று என்னைப் பார்த்த பார்வை.

"இப்ப நான் ஆர் சொல்லுறதுக்கு? கோச்சைக் கேளுங்கோ" என்றேன்.

சால்வையை உதறித் தோளில் போட்டார். "அப்ப என்ரை வள்ளம் நாளைக்குத் தொழிலுக்குப் போகும்."

போய்விட்டார். பூமணி இன்று என்னோடு கதைக்கவில்லை. அவளும் இனி உக்ரேன்.

25-5, சனி

வெயில் நெருப்பு.

பெடியன்களோடு லொறியில் போகவில்லை. தனியாகப் பஸ்ஸில் போனேன். சனத்துக்குள், குருநகர்க்காரர் பக்கம், குடையை விரித்துக்கொண்டு நின்றேன். அவன் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன். வேறு காரணம் எழுதினால் பொய்.

கிழக்கு மூன்று பேரும் வரவில்லை. மாற்று ஆட்கள் இரண்டு பேரும் வரவில்லை. மேற்கு ஏழு, இரத்தினம் ஒன்று. எட்டுப் பேர் மைதானத்துக்குள் வந்தார்கள்.

"மிச்ச ஆக்கள் நீந்தி வருகினமோ?" என்று ஒருவன் கத்தினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதல் கோல். சந்தோஷம். இரண்டாவது. சந்தோஷம்தான். மூன்றாவதுக்கு இரத்தினம் பாய்ந்து கோல் கம்பத்தில் தோள் அடிபட்டு, வாய் நிறைய மண்ணோடு எழும்பினான். எழும்பித் தடுப்புக்காரனைத் தேடினான். அந்த இடத்தில் நிற்க வேண்டியவன் காசி. காசி அந்த நேரம் நடுக்கடலில்.

அதற்குப் பிறகு நான் சிரித்த ஞாபகம் இல்லை. தேவன் தனியாக முன்னுக்கு ஓடுவான், பந்தைக் கொடுக்க ஆள் இல்லாமல் நிற்பான், திரும்பி ஓடி வருவான். கடைசி அரைமணி குருநகர்ச் சனமே கூவுவதை விட்டுவிட்டது. இரத்தினம் ஒவ்வொரு பந்தைப் பிடிக்கவும் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர், "ஆற்றை பெடியன் உவன்? புலி மாதிரி நிக்கிறான்" என்றார். என்ரை தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

ஐந்து கோல். எங்களுக்கு ஒன்றும் இல்லை.

மி. கடைசிவரை கோட்டோரத்தில் நின்று கைதட்டி எண்ணிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கட்டிப் பிடித்தான். நான் குடையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

26-5, ஞாயிறு

இரத்தினத்துக்குத் தோள் வீக்கம். பத்துப் போடப் போனேன். "வேண்டாம். கோச் போட்டுவிட்டவர்" என்றான்.

பழி எல்லாம் அவன்மேல்தான். ஊர் வழக்கம் கேட்டறியாதவன் ஊருக்குள் ஏன் வந்தான்? வந்தவன் ஊரைப் படித்திருக்க வேண்டாமா?

கேட்டான்தான். கேட்டான்.

27-5, திங்கள்

காற்று விழுந்துவிட்டது.

மி. காலையில் கந்தோருக்கு வந்தான், ஒரு கடிதத்தோடு. பெட்டி வெளியே பஸ்தரிப்பில், செல்வம் காவல். கடிதத்தைத் தராசில் நிறுத்தேன். விலாசம் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. முத்திரை கொடுத்தேன். வாங்கி, நக்கி, நேராக ஒட்டினான்.

பிறகு கம்பிக்கு வெளியே வலது கையை விரித்துக் காட்டினான். "அஞ்சு." இடது கை. "அஞ்சு." பிறகு ஒரு விரல். "ஒண்டு."

அந்த ஒரு விரலை என் பக்கம் நீட்டினான். பிறகு தன் நெஞ்சில் வைத்தான்.

நாங்கள் இருவரும் ஒன்று என்றானா, இருவரும் முட்டாள்கள் என்றானா? எது என்றாலும் எனக்கு வேண்டாம். முகத்தில் அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "கடிதம் போட்டாச்சு, போகலாம்" என்று தமிழில் சொன்னேன். போனான், காலை இழுத்துக்கொண்டு.

பகல் முழுக்க முத்திரைக் கணக்கு இரண்டு தரம் பிழைத்தது.

2-6, ஞாயிறு

புழுக்கம். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. சவர்க்காரம், விளக்குத் திரி.

காலையில் வேலுப்பிள்ளையர் ஆள் அனுப்பினார். கிழக்குக்கரையில் புதுக் கழகமாம். "நீங்கள்தான் கோச். கேக்கிறதை நாங்கள் தாறம்." வெற்றிலைத் தட்டம் வைத்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் செயலாளர், தேவனோடு. பழைய கழகம் மேற்குக்கரையோடு நிற்குமாம். "நடந்ததை மறவுங்கோ. பெடியளைத் திரும்ப நீங்கள்தான் எடுக்கவேணும்." அவர்களும் ஒரு தட்டம். அம்மன் சாட்சியாக நான் கேட்டது இதைத்தான், அணி எனக்குத் திரும்ப வேண்டும் என்று. திரும்பியிருக்கிறது. மேசையில் இரண்டு தட்டமாக இருக்கிறது. இரண்டையும் பூமணி தொடவில்லை.

பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். கிழக்குப் பெடியன்கள் தங்கள் பக்கக் கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிழக்குக்கரை மணலில் நட்டிருக்கிறார்களாம். மைதானத்தில் மேற்குப் பக்கக் கோல் மட்டும் நிற்கிறது. மற்ற அந்தத்தில் இரண்டு குழி.

இரத்தினம் எனக்கு முன்னமே வந்து நின்றான். ஒரு கை கழுத்தில் கட்டிய துண்டில், மற்றக் கையில் மி. கொடுத்துவிட்டுப் போன பந்து. ஒரு கிழமைக்குப் பிறகு இன்றுதான் என்னோடு வாய் திறந்தான்.

"நான் இனி எந்தக் கோலிலை நிக்கிறது, அண்ணை?"